ஆன்லைன் ‘ஜெம் டெஸ்டிங் கிட்’: பழைய கல்மணி பார்ப்பவர்களுக்கு எது உதவும், எது வீண்

ஆன்லைன் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக ஒரு கறுப்பு ஜிப் பை விற்கிறது. விற்கும் பெயர்கள் பல. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றே: எல்.இ.டி. வைத்த மடக்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி), புற ஊதா டார்ச், வைரம் சோதிக்கும் பேனா, பாக்கெட் தராசு, தாடை வைத்து அளக்கும் பிளாஸ்டிக் காலிப்பர், ஸ்டீல் ட்வீசர். சில பைகளில் யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பும் உண்டு. விலை அதற்கேற்ப ஏறும். மோதிரக்கல் வாங்குபவரை மனதில் வைத்துச் சேர்த்த பை இது. பாட்டி காலத்து மாலை, பழங்கடையில் கிடைத்த சரம், பள்ளி அருங்காட்சியகத்துக்கு வந்த மணிக்குவியல் என்று பழைய கல்மணிகளைப் பார்க்க ஆரம்பிப்பவர்களும் இதையே முதலில் வாங்குகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பையாக வாங்க வேண்டாம். ஆறில் ஒன்று முழுதாகத் தேறும், இரண்டு பாதி தேறும், மூன்று மேசையில் கிடக்கும். அதே பணத்துடன் இன்னும் சுமார் மூவாயிரம் சேர்த்தால், தனித்தனியாக வாங்கி இதைவிடப் பல மடங்கு தெளிவாகப் பார்க்கலாம். பையில் இல்லாத இரண்டு பொருள்கள்தான் மணியைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

காரணம் எளிது. மணியிடம் இரண்டு கேள்விகள் உண்டு. இது என்ன கல்? இதை எப்படி, ஏறக்குறைய எக்காலத்தில் செய்தார்கள்? பையில் உள்ள கருவிகள் எல்லாமே முதல் கேள்விக்கானவை. செம்மஞ்சள் நிறச் சூதுபவளத்தை (கார்னீலியன்) எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்தின் கம்பாத்தில் போன வாரம் உருட்டிய மணியும், நொய்யல் கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து தேய்த்த மணியும் ஒரே சிலிக்கா. கடினம் 6.5 முதல் 7, அடர்த்தி 2.60, ஒளிவிலகல் எண் 1.53 - 1.54. எந்தக் கல் சோதனையிலும் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். இன்னும் ஒரு படி மேலே போனால், கொடுமணலில் கிடைத்த சூதுபவளத்தின் மூலக்கல்லே குஜராத் பக்கமிருந்து வந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. உள்ளூரில் கிடைத்தவை படியூர்ப் பக்கத்துப் பெரில் என்ற நீலப்பச்சைக் கல்லும் சுற்றுவட்டாரத்துப் படிகமும் (நிறமற்ற குவார்ட்ஸ்). ஆக, கல்லைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதுவும் எளிதான பாதி. பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் ‘இயற்கையான சால்சிடனி’ (சூதுபவளம் சேரும் கல்லினம்) என்று ஒரு அட்டை வரும், அவ்வளவே. கல்லுக்குக் கார்பன் காலக்கணிப்பு கிடையாது. அகழாய்வில் மணிக்குச் சொல்லும் காலம், அது கிடந்த மண்ணடுக்கில் இருந்த கரித்துண்டிலிருந்தும் பானை ஓட்டிலிருந்தும் வருவது. மண்ணைவிட்டு வந்துவிட்ட மணியில் மிச்சமிருப்பது செய்நேர்த்தியின் தடயம் மட்டும்: துளை, தேய்ப்பு, அணிந்ததால் வந்த தேய்வு. இந்த மூன்றையும் காட்டும் கருவி எது என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

லூப்

பையில் வரும் லூப்பின் மேல் ‘40X’ என்றோ ‘60X’ என்றோ அச்சிட்டிருக்கும். நம்ப வேண்டாம், ஒரு ஸ்கேல் இருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். அச்சிட்ட காகிதத்தை லூப் வழியாகத் தெளிவாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். லென்ஸுக்கும் காகிதத்துக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, 250-ஐ அதனால் வகுங்கள். வருவதுதான் ஏறத்தாழ உண்மையான பெருக்கம். 40 மடங்கு என்றால் லென்ஸ் 6 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். 25 மி.மீ. அகலக் கண்ணாடி ஒன்றை வைத்து அப்படி ஒரு லூப் செய்யவே முடியாது. இந்த வகை லூப்கள் பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல்தான் தெளியும். அதாவது பத்து, பன்னிரண்டு மடங்கு.

பத்து மடங்கு போதும். அது ஒழுங்கான பத்தாக இருக்க வேண்டும். பை லூப்பின் குறை பெருக்கத்தில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. ஒற்றைக் கண்ணாடி என்பதால் நடுவில் மட்டும் தெளிவு, ஓரத்தில் கோடு வளையும், விளிம்புகளில் நீலமும் மஞ்சளும் கசியும். செம்மஞ்சள் மணியில் இந்த நிறக்கசிவு விழுந்தால், சாயம் ஏற்றியதா இயற்கையா என்று பார்க்கும் முயற்சியே வீண். வாங்க வேண்டியது 10 மடங்கு ‘டிரிப்லெட்’: மூன்று கண்ணாடிகளை ஒட்டி, வளைவையும் நிறக்கசிவையும் திருத்தியது. பெலாரஸில் செய்யப்படும் பெலோமோ 10 மடங்கு, 21 மி.மீ. லென்ஸ், இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். எந்தப் பெயரானாலும் சோதனை ஒன்றே: மில்லிமீட்டர் கிராஃப் தாளைப் பாருங்கள். ஓரம்வரை கட்டங்கள் நேராக, நிறமின்றித் தெரிய வேண்டும். எல்.இ.டி. தேவையில்லை. லென்ஸைச் சுற்றிய விளக்கு நேராக விழுந்து மெருகில் பளபளக்கும். பார்க்க வேண்டிய கீறல்களை அதுவே மறைக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி மணியை மெல்ல உருட்டினால் போதும்.

லூப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்து, மணியைக் கொண்டுவந்து தெளிய வைக்க வேண்டும். லூப்பை மணியருகே வைத்து எட்டிப் பார்ப்பது பலரும் செய்யும் பிழை. மணியைப் பிடிக்க ட்வீசர் வேண்டாம். உருண்டையான, வழவழப்பான மணி ஸ்டீல் முனையிலிருந்து சிதறித் தரையில் விழும். துளை விளிம்பு பெயர்ந்தால் படிக்க வேண்டிய இடமே போயிற்று. பல்குத்தும் குச்சியைத் துளையில் மெல்லச் செருகிப் பிடித்தால் எல்லாப் பக்கமும் திருப்பலாம். பையின் ட்வீசர் அத்துடன் முடிந்தது.

யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்

‘1600X’ என்ற எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகரலாம். திரையில் படம் பெரிதாகத் தெரிவதைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. ஆனாலும் இது பயனற்ற பொருள் அல்ல. குறைந்த பெருக்கத்தில் படம் எடுத்துச் சேமிக்க லூப்பைவிட வசதி. சிக்கல்கள் இரண்டு. சுற்று விளக்கின் எட்டு எல்.இ.டி.யும் மணியில் எட்டு வெள்ளைப் புள்ளிகளாக விழும். விளக்கை முழுதும் அணைத்து, டிரேசிங் பேப்பர் சுற்றிய டார்ச்சைப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். அடுத்தது, கூடவே வரும் வளைகம்பித் தாங்கி ஆடும். விரல் பட்டாலே படம் குலையும். கனமான உலோகத் தாங்கி தனியாக வாங்காவிட்டால் மைக்ரோஸ்கோப்புக்குச் செலவழித்தது வீண். படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்திலும் மில்லிமீட்டர் ஸ்கேல் தெரியட்டும். துளையின் உட்சுவரை இது காட்டாது, வெளிச்சம் உள்ளே போகாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருவோம்.

தராசு

பையில் வரும் 0.01 கிராம் தராசு பாதி தேறியது. அடர்த்தி பார்க்கும் முறை இது. மணியை உலர்வாக எடை போடுங்கள். பின் சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, ‘டேர்’ அழுத்திச் சுழியாக்குங்கள். மெல்லிய நைலான் இழையில் மணியைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் மணி விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 3.12 கிராம் மணி 1.20 காட்டினால் 2.60, சூதுபவளம் அல்லது அதே இனத்துப் பட்டைக்கல்லான அகேட்.

பெரிய மணிக்கு இது அழகாக வேலை செய்யும். அரை கிராம் மணிக்கு? தராசு 0.19 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், விடை 2.63. ஆனால் உண்மையில் அது 0.18 ஆகவும் இருக்கலாம், 0.20 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் 2.78-க்கும் 2.50-க்கும் நடுவில் எங்கோ. அந்த இடைவெளிக்குள் சாதாரணக் கண்ணாடி, சூதுபவளம், படிகம், பெரில் எல்லாம் அடக்கம். சங்ககாலக் குடியிருப்புகளில் கிடைக்கும் மணிகளில் பெரும்பகுதி இந்த எடைக்குள்தான் வரும். ஆகவே 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 20 அல்லது 50 கிராம் கொள்ளளவில் கிடைக்கிறது, விலையும் அவ்வளவு அதிகமில்லை. மின்விசிறியை நிறுத்தாமல் அதைப் பயன்படுத்த முடியாது, எண் நிற்கவே நிற்காது. ஒரே சரத்து, ஒரே வகை மணிகள் பத்து இருந்தால் பத்தையும் சேர்த்துக் கட்டி மூழ்க வைப்பது இன்னொரு வழி; பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கும்.

தவறு நடக்கும் இடம் துளை. உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் விலக்கிய தண்ணீர் கூடும், அடர்த்தி குறைந்து தெரியும். நல்ல சூதுபவளம் கண்ணாடியாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மணியைச் சாய்த்து அசைத்துக் குமிழியை வெளியேற்றிய பிறகு எண்ணைப் படியுங்கள். துளையில் மண் இறுகியிருந்தால் அந்த எடைக்கும் நம்பகம் இல்லை. 30 டிகிரி வெயிலில் தண்ணீரின் அடர்த்தி 0.996, விடையை அதனால் பெருக்குங்கள். 2.60 என்பது 2.59 ஆகும், பெரிய வித்தியாசமில்லை, பெரிலையும் படிகத்தையும் பிரிக்கும்போது மட்டும் கவனியுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்: படிகமும் செவ்வந்திக்கல்லும் 2.65, பெரில் 2.7 சுற்றி, செந்நிற அல்மண்டைன் கார்னெட் 4-ஐ ஒட்டி, சாதாரணக் கண்ணாடி 2.5, ஈயம் கலந்த கண்ணாடி 3-க்கு மேலும் போகும். பிளாஸ்டிக், ரெசின் எல்லாம் 1.5-க்குள்.

காலிப்பர்தான் பையில் முழுதாகத் தேறிய ஒரே பொருள். பிளாஸ்டிக் தாடை என்பது குறைபோலத் தெரியும், இந்த வேலைக்கு அதுவே நல்லது. ஸ்டீல் தாடை மாக்கல்லையும் சங்கையும் கீறும், கடினமான மணியின் விளிம்பையும் பெயர்க்கும். நீளம், குறுக்களவு, இரு பக்கத் துளை வாய் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். மணி ஆய்வாளர் ஹொரேஸ் பெக் 1928-இல் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது: நீளம் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானால் தட்டு மணி, அதற்கு மேல் பத்தில் ஒன்பது வரை குட்டை, 1.1 மடங்கு வரை சம அளவு, அதற்கும் மேல் நீள மணி. குறுக்களவை ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடாதீர்கள். மணியைத் திருப்பித் திருப்பி நான்கு இடத்தில் அளங்கள். இயந்திர உருண்டை நான்கிலும் ஒன்றாகவே வரும். கையால் தேய்த்தது வராது.

புற ஊதா டார்ச்சும் வைரப் பேனாவும்

பையில் வரும் டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர். ஊதா வெளிச்சமே கண்ணை நிரப்பி, மங்கலான ஒளிர்வுகளை விழுங்கிவிடும். 365 நானோமீட்டரும் முன்னால் கறுப்பு வடிகட்டியும் உள்ளது வாங்கினால் பயன் உண்டு. அதுவும் கல்லைச் சொல்வதற்கு இல்லை. சூதுபவளம் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஒளிர்வது கோந்து. உடைந்து ஒட்டிய மணி, ரெசின் நிரப்பிய விரிசல், ‘மண்ணில் கிடந்தது’ போலக் காட்டத் துளையில் ஒட்டிய மண் ஆகியவை இருட்டில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். போலியைப் பிடிக்கும் கருவி என்ற அளவில் பாதி மதிப்பெண்.

வைரப் பேனா வெப்பம் கடத்துவதை அளந்து ‘வைரம்’, ‘வைரமில்லை’ என்று சொல்லும். உங்கள் மணி வைரமில்லை என்பது அதற்கு முன்பே தெரியும். தூக்கி வையுங்கள்.

பையில் இல்லாத எளிய உதவிகள்

ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடு இரண்டு வாங்கினால் செலவு மிகக் குறைவு. அதுகூட வேண்டாம், எல்சிடி மடிக்கணினித் திரையே ஒரு தகடு. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை இருளும் கோணத்தில் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மணியை மூழ்க வைத்து மெல்லத் திருப்புங்கள். படிகம் 90 பாகைக்கு ஒருமுறை ஒளிர்ந்து இருளும். கண்ணாடி மணி இருளாகவே இருக்கும், உள் இறுக்கம் இருந்தால் பாம்புபோல் நெளியும் நிழல்கள் தெரியலாம். சூதுபவளமும் அகேட்டும் நுண்படிகக் கூட்டம் என்பதால் எப்பக்கம் திருப்பினாலும் வெளிச்சமாகவே இருக்கும். வழவழப்பான நிறமற்ற மணி படிகமா கண்ணாடியா என்பதற்கு இதைவிட மலிவான தீர்ப்பு இல்லை. ஒளிபுகாத ஜாஸ்பருக்கு உதவாது.

சிவப்பு மணி கார்னெட்டா என்று பார்க்க ஒரு நியோடிமியம் காந்தம். மணியைச் சிறு தெர்மகோல் துண்டில் ஏற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டு, காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். அல்மண்டைன் கார்னெட் மெல்ல நகர்ந்து வரும். மாணிக்கம் வராது, சிவப்புக் கண்ணாடியும் பொதுவாக வராது.

கண்ணாடி மணிகளுக்கு லூப்பே போதும், குமிழிகளின் போக்கைப் பாருங்கள். அரிக்கமேடு தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவிய இந்தோ-பசிபிக் மணிகள் குழாயாக இழுத்து நறுக்கியவை. குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டு கிடக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் குமிழிகள் துளையைச் சுற்றி வளையமிடும். ‘சூதுபவளச் சரம்’ என்று விற்கும் சின்னஞ்சிறு செம்மஞ்சள் மணிகளில் கணிசமானவை கண்ணாடிதான்.

சூடான ஊசி, கீறல், அமிலம் போன்ற சந்தைச் சோதனைகள் எதுவும் வேண்டாம். மாக்கல் வேறு ஏமாற்றும்: சுடாதபோது நகத்தால் கீறலாம், சுட்டபின் இரும்புக்கும் மசியாது. சிந்துவெளிக் குறுமணிகள் அப்படிச் சுட்டவை.

துளையைப் படிக்கும் சிலிக்கான்

பையில் இருந்தாக வேண்டியதும் இல்லாததும் இதுவே. பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் ‘லைட் பாடி’ (இளகலான) சிலிக்கான், ‘அடிஷன்’ என்று பெயரிட்ட வகை, டென்டல் சாமான் கடைகளில் இரட்டைக் குழலாகக் கிடைக்கும். தொல்லியலாளர்களான விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் மார்க் கெனோயரும் மாசிமோ விடாலேயும் சிந்துவெளி மணித்துளைகளைச் சிலிக்கானில் அச்செடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படித்தார்கள். நம்மிடம் அந்த நுண்ணோக்கி இல்லை. ஆனாலும் அச்சை வெளியே எடுத்து லூப்பில் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

மென்மையான பிரஷ், காய்ச்சி வடித்த தண்ணீர் கொண்டு துளையைச் சுத்தம் செய்து ஒருநாள் உலரவிடுங்கள். அகழாய்விலிருந்து வந்த மணியென்றால் இந்த இடத்திலேயே நிறுத்துங்கள். துளை மண்ணும் தடயம்தான், அதை எடுக்கலாமா என்பது அகழாய்வாளர் முடிவு. மற்ற மணிக்கு, கலவை முனையிலிருந்து வரும் சிலிக்கானை 1 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, மழுங்கிய ஊசியைத் துளை வாயில் அழுத்தி, மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் நடுவில் காற்று சிக்கும், அச்சில் பள்ளம் விழும், அதை ஏதோ உளிக்குறி என்று படிக்க நேரும். பத்து நிமிடம் விட்டு, ஒரு பக்க நுனியைப் பிடித்து லேசாகத் திருகிக்கொண்டே இழுங்கள். நம்மூர் வெயிலில் சிலிக்கான் சீக்கிரம் இறுகும். கலந்தபின் சிரிஞ்சில் நிரப்பத் தாமதித்தால் ஊசியிலேயே கெட்டியாகிவிடும். குழலைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அவகாசம் கிடைக்கும்.

சிலிக்கான் இறுகவே இல்லை, பிசுபிசுப்பாக நிற்கிறது என்றால் கையுறையைப் பாருங்கள். லேடெக்ஸ் கையுறையின் கந்தகம் இந்த வகைச் சிலிக்கானை இறுகவிடாது. நைட்ரைல் கையுறை போட்டால் சரியாகும். அச்சு நடுவில் அறுந்தால் பெரும்பாலும் துளை உடுக்கை வடிவம், இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. இரு பாதியையும் அதனதன் பக்கத்திலிருந்து இழுத்தெடுத்துச் சேர்த்துப் பாருங்கள். மாக்கல், சங்கு, எலும்பு, விரிசலோடிய மணி, வெள்ளைக்கோடு உதிரும் நிலையில் உள்ள மணி ஆகியவற்றில் சிலிக்கான் வேண்டாம். எண்ணெய்க் கறை ஊறும், பெயரவும் செய்யும்.

இனி அச்சைப் படிப்பது. இருபுறமிருந்தும் குடைந்து நடுவில் சந்தித்த துளையில் சந்திப்பு நேராக அமைவது அரிது; சிறு படி, ஒரு விலகல் இருக்கும். கல்முனைத் துரப்பணத்தால் போட்டது உள்ளே போகப்போக ஒடுங்கும், சுவர் வழவழப்பாக இருக்கும். சிந்துவெளியினர் நீள மணிகளுக்கு எர்னஸ்டைட் என்னும் கடினக் கல்முனையை வைத்தார்கள். கெனோயரின் செய்முறைச் சோதனைகளில் அது ஒரு மணி நேரத்துக்கு 2.5 மி.மீ. வேகத்தில்தான் இறங்கியது. 6 செ.மீ. நீள மணி ஒன்றுக்கு மூன்று வேலைநாள் என்றால் அதன் விலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். இரும்புக் கம்பி முனையில் இரு வைரச் சில்லுகள் பதித்து, வில்லால் சுழற்றிப் போட்ட துளை வேறு மாதிரி: நேரான சுவர், அதில் ஒழுங்கான மெல்லிய வளையக் கோடுகள், திருகாணி மறைபோலத் தெரியும். இன்றைய இயந்திரத் துளை ஒரே நேராக, நடுவில் படியின்றி, இரு வாயும் ஒரே அளவில், விளிம்பு பெயராமல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இரட்டை வைர முனையும் வில்லும் கம்பாத்தில் நம் காலம்வரை புழங்கியவை. வளையக் கோடு தெரிகிறது என்பதற்காக மணி பழையது என்று முடிவுகட்ட முடியாது. நேர்க்குழாய் போன்ற இயந்திரத் துளை மணியைப் பழையதல்ல என்று தள்ளிவிடும். கைத்துளை மணியை அடுத்த சோதனைக்கு அனுப்பும். துளைக்கு இருக்கும் அதிகாரம் அவ்வளவே.

தேய்வும் போலித் தேய்வும்

அடுத்த சோதனை மேற்பரப்பு. நெடுங்காலம் கோத்து அணிந்த மணியில் நூல் ஒரு பக்கமாக அறுத்துத் துளை வாய் நீள்வட்டமாகியிருக்கும், அந்த விளிம்பு மட்டும் மெருகேறியிருக்கும். பக்கத்து மணியோடு உரசிய முகங்கள் லேசாகக் குழிந்திருக்கும். வயிற்றுப் பகுதியில் பிறை வடிவ மோதல் குறிகள் சிதறிக் கிடக்கும். எது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதில் ஒரு நியாயம் இருக்கும்: வெளியே தள்ளிய இடம் அதிகம், பள்ளமான இடம் குறைவு. சரளைக்கல்லோடு டிரம்மில் போட்டுப் ‘பழசாக்கிய’ மணியில் குறிகள் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்கும். அமிலத்தில் முக்கியதில் மங்கல் சீராக, துளைக்குள்ளும் பரவியிருக்கும். மண்ணில் கிடந்த மணியின் மங்கல் திட்டுத்திட்டாக இருக்கும்.

சாயம் ஏற்றிய அகேட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிறம் பட்டைபட்டையாகப் பிரியும், விரிசல்களில் தேங்கும். இயல்பான சூதுபவளத்தில் நிறம் மேகம்போல் கலைந்திருக்கும். சுட்டுச் சிவக்க வைத்தது போலி ஆகாது. மங்கிய கல்லை வெயிலில் காயவைத்து, பானையில் சாம்பலோடு சுட்டு, அதிலுள்ள இரும்பைச் சிவக்க வைப்பது பழங்காலம் முதல் வரும் செய்முறை.

வெள்ளைக் கோலமிட்ட சூதுபவளத்துக்கு இப்போது நல்ல கிராக்கி, போலிகளும் அதற்கேற்ப. சோடாக் காரத்தைச் செடிச்சாற்றில் குழைத்துக் கோடு வரைந்து சுட்டது அசல் முறை. சிந்துப் பகுதியில் அந்தத் தொழில்நுட்பம் தெரிந்தவரிடமிருந்து தொல்லியலாளர் எர்னஸ்ட் மெக்கே அதைப் பதிவுசெய்தது 1930-களில். வெள்ளை கல்லுக்குள் இறங்கியிருக்கும், விளிம்பு மெல்லக் கரையும். பெயின்ட் கோடு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சில் வரும். ஆனால் இன்றும் இதே கார முறையில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதனால் இங்கும் கடைசித் தீர்ப்பு துளைக்கும் தேய்வுக்கும்தான்.

வாங்கும் முன் சட்டம்

கருவி வாங்கிவிட்டால் மணி தேடிப் போகத் தோன்றும். மேட்டுநிலத்தில் மழைக்குப் பின் மணி பொறுக்குவதும், முதுமக்கள் தாழியைக் கிளறுவதும் பொழுதுபோக்கு அல்ல, குற்றம் ஆகலாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மூலச் சட்டம் சொன்ன மதிப்பு வரம்பு பத்தே ரூபாய். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘கீழடி மணி’, ‘கொடுமணல் மணி’ என்று யாராவது விற்றால் இரண்டே சாத்தியம்: பொய், அல்லது திருட்டு. இரண்டிலும் பணம் கொடுக்கக் காரணமில்லை. கண்ணைப் பழக்க நல்ல வழி, கம்பாத்தின் புதுமணிகளை விலைக்கு வாங்கி, அவற்றின் துளையையும் மெருகையும் அச்செடுத்து மனப்பாடம் செய்வது. பிறகு கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு இப்பால் நின்று பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். குடும்பத்தில் வழிவழியாக வந்த சரங்களைப் பிரித்துக் கோக்க வேண்டாம். கோத்த வரிசையைப் படமெடுத்து, அப்படியே பார்க்கலாம்.

எதை முதலில் வாங்குவது

10 மடங்கு டிரிப்லெட், முதல் செலவு. அடுத்து 0.001 கிராம் தராசு. பிறகு சிலிக்கானும் சிரிஞ்சும், போலராய்டு தகடு, பிளாஸ்டிக் காலிப்பர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். டிரிப்லெட்டின் விலையைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம். 365 டார்ச் அடுத்த மாதம். ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டாம்: தட்டையான மெருகு முகம் வேண்டும், உருண்டை மணியில் தோராய எண்தான் கிடைக்கும், அதற்கான திரவம் நாற்றமும் நச்சும் உள்ளது. ஏற்கெனவே பையை வாங்கிவிட்டவர்கள் காலிப்பரையும் தராசையும் வைத்துக்கொள்ளலாம். 2 கிராமுக்கு மேற்பட்ட மணிக்குத் தராசு உதவும். சிலிக்கான் குழல் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து, சிறிய அளவாக வாங்குங்கள். திறந்த குழலைக் கலவை முனையை மாற்றாமல் அப்படியே மூடி வைத்தால் முனைக்குள் இறுகிய சிலிக்கானே அடுத்தமுறை வரை மூடியாக இருக்கும்.